ஏவ்ரில் ஆன்ட்டி தங்கிய இரண்டு இரவுகள்

செப்டம்பர் மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை லயனல் கிளம்பிப் போனார். ராபர்ட்சன் ஊருக்குப் பக்கத்துத் திராட்சைத் தோட்ட விடுதியில் பெட்டிகளை இறக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நெடுஞ்சாலைவரை நடந்துபோய் ஏதோ ஒரு மினிபஸ்ஸில் ஏறிவிட்டார். அவர் மனைவி ஏவ்ரில் ஆன்ட்டி மட்டும் இரண்டு இரவுகள் அங்கே தங்கினார். "ரெண்டு பேருக்குச் சமைச்சு வெச்சிருந்தாங்கடி. யாராவது சாப்பிடணும்ல?"

கேப் டவுனில், எங்கள் அத்லோன் தெருவில், மணப்பெண் தோழிகளுக்கு உடை தைப்பவர் ஆன்ட்டி. குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். அறை விசாரிக்க விடுதிகளுக்குப் போன் போடும்போது மட்டும் ஊசிகள் வெளியே வரும், குரல் மூக்குக்கு ஏறும். வெள்ளைக்காரச் சீமாட்டியாகவே மாறிவிடுவார். "ஜன்னலைத் திறந்தா மலை தெரியுமா?" அளவெடுக்க நிற்கும் பெண்கள் சிரித்தால், "குலுங்காதீங்கடி, இடுப்பு கோணலாப் போகும்" என்று அதட்டுவார்.

அந்தப் பயணத்துக்கு ஒரு வருடம் திட்டம் போட்டார். பஸ் பணிமனையில் வேலை பார்க்கும் லயனல் வீட்டில் பேசுவதைக் குறைத்து, பிறகு படுக்கையையும் அடுத்த அறைக்கு மாற்றியிருந்தார். முப்பதாவது திருமண நாளை விட்டால் அவரை மீட்க வேறு வழியில்லை என்று ஆன்ட்டி நம்பினார். அதனால்தான் லயனல் பிறந்த தோட்டத்தையே தேர்ந்தெடுத்தார்.

"கூலிக்காரன் புள்ளையா வெளிய வந்த மனுஷன். விருந்தாளியா முன்வாசல் வழியா நுழையட்டும்."

"அவரைக் கேட்டியா?" என்றாள் பக்கத்து வீட்டு ஷிரீன்.

"கேட்டுட்டுச் செஞ்சா அதுல என்னடி இருக்கு?"

அவர்களுக்கு ஒதுக்கிய குடிலுக்கு வெள்ளையடித்து, வாசலில் லாவெண்டர் நட்டு, படுக்கையில் ரோஜா இதழ் தூவியிருந்தார்களாம். வரவேற்ற பெண் ஒயின் கோப்பையை நீட்டினாள். லயனல் அதை வாங்கவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தார். கூலிக்காரர் வரிசையின் கடைசி வீடு அது. அந்தக் காலத்தில் அங்கே கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே அளந்து ஊற்றுவார்கள். அவருடைய அப்பா அதைக் குடித்தே செத்தார்.

"இந்தக் கட்டில் கெடக்கற எடத்துலதான் எங்கப்பா வாந்தி எடுத்துட்டுக் கெடப்பாரு. அம்மா தொடைப்பா. நான் வாளி புடிப்பேன்."

"நீ சொன்னதே இல்லையே, லயனல்."

"நீ கேட்டதே இல்ல."

ஜார்ஜ் நகரில் தன் தங்கை வீட்டுக்குப் போன லயனல் திரும்பவில்லை. போனை எடுப்பதும் இல்லை.

வெகுகாலம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு நான் ஊர் திரும்பியபோதும் ஆன்ட்டி விடுதிகளுக்குப் போன் போட்டுக்கொண்டுதான் இருந்தார். "இந்த சனிக்கிழமை அறை இருக்கா? ரெண்டு பேரு." பெயர் கேட்டால் வைத்துவிடுவார். ஏன் என்றேன். "இல்லேன்னா அந்தக் குரல் விட்டுப்போயிடும்டி" என்றார். சிரிக்கவில்லை.

ஜூலையில், விடாத மழை நாளொன்றில், லயனலிடமிருந்து முதல் செய்தி வந்தது. 'அந்த வீட்டுப் பின்பக்கம் ஒரு அத்தி மரம் உண்டு. அம்மா நட்டது. அன்னைக்கு நான் பாக்கல. இருக்கா?'

ஆன்ட்டியும் பார்க்கவில்லை. இரண்டு நாளும் திரைச்சீலையை விலக்கவே இல்லையாம். விடுதியின் படங்களை என்னைத் தேடித் தரச் சொன்னார். குடிலின் பின்னால் நீல நிறத்தில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. சுற்றிலும் கல் தளம். படத்தை இரண்டு விரலால் விரித்து, மூலை மூலையாக நகர்த்திப் பார்த்தார். எங்கும் ஒரு மர நிழல் இல்லை.

'இருக்கு' என்று தட்டினார். சற்று நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'துளிர் விட்டிருந்துச்சு' என்று சேர்த்து அனுப்பினார்.