எனக்கு நிறம் சொன்னவன்

நிறம் தெரியாத ஒருவன் வலைத்தளங்களுக்கு வண்ணம் அமைத்துப் பிழைக்கிறான் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான், இரண்டுமே சேற்று நிறம். பெக்கோக் ஊர்ப் பள்ளியில் ஓவிய வகுப்பில், இலைக்கு எந்தப் பென்சில் என்று தெரியாமல் நான் விழித்தபோது, பக்கத்து நாற்காலிக்காரன் சரியான பென்சிலைச் சத்தமில்லாமல் என் பக்கம் உருட்டிவிட்டான். அன்று தொடங்கியது எங்கள் நட்பு. பிறகு எலெக்ட்ரிக்கல் படிக்கப் போய், மருத்துவச் சோதனையில் வண்ணப் புள்ளிகளுக்குள் இருந்த எண்ணைப் படிக்க முடியாமல் திரும்பி வந்தேன். வீட்டில் படிப்பு பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மைக் காரணம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருவருமாக வலைத்தளம் செய்யும் தொழில் தொடங்கினோம். அவன் வாய் உள்ளவன், ஆட்களைப் பிடித்து வருவான். பக்கங்களை அமைப்பது என் வேலை. கணினியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் எவ்வளவு வெளிச்ச வித்தியாசம் என்பதையும் கணக்குப் பார்த்துச் சொல்லிவிடும். அதற்கு மேல் எனக்கென்று ஒரு வழி: பக்கம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பேன். அப்போதும் பொத்தான் பொத்தானாகத் தெரிந்தால் தேறியது. கடைசியில் அவனைக் கூப்பிட்டு, இந்த நிறங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் கேட்பேன். என் குறை வெளியே தெரிந்தால் எவன் என்னிடம் வண்ண வேலையைக் கொடுப்பான்? பிழைப்பு அதோடு முடிந்தது.

போன வருடம் புரட்டாசி முடிந்த கையோடு மூவாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் எங்களை அழைத்தார். சைவச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பச்சை மூடி, அசைவத்துக்குச் சிவப்பு மூடி என்பது அவர் கடை வழக்கம். யாரோ ஒரு புத்திசாலி அதையே அவருடைய வலைத்தளத்திலும் பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி என்று வைத்திருந்தான். வெளிர்மஞ்சள் பின்னணியில் அதைவிட வெளிர்ந்த எழுத்து. சாப்பாட்டுக் கட்டங்களோ இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாள் பூசைக்கு முப்பது பொட்டலம் சொன்ன ஓர் அம்மா கண் சரியாகத் தெரியாமல் பக்கத்துக் கட்டத்தை அழுத்திவிட்டார். பூசை வீட்டுக்கு ஆட்டுக்கறி போய் இறங்கியது. கடைக்காரர் நேரில் போய்க் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

அந்த அம்மாவின் கண்ணும் என் கண்ணும் ஒரே கட்சி என்பதால் மூன்று வாரம் விடாமல் உழைத்தேன். எழுத்தைக் கருமையாக்கினேன். கட்டங்களைப் பிரித்துக் கோடு போட்டேன். சைவத்துக்கு இலை வடிவம், அசைவத்துக்குச் சதுரம். இரண்டுக்கும் பக்கத்தில் சைவம், அசைவம் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். நிறமே இல்லாவிட்டாலும் இனி ஒருவரும் தவற முடியாது. நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

அதைக் காட்ட இருவரும் மூவாருக்குப் போனோம். நான் மடிக்கணினியைத் திறந்து பேசத் தொடங்குவதற்குள் கடைக்காரர் உள்ளே போய் இரண்டு மூடிகளை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல பச்சை எது?"

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் முன்னால் இருந்த தே தாரிக் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே நன்றாகக் கலந்திருந்த தே தாரிக்.

"தெரியல அண்ணே," என்றேன்.

"நேத்து உங்க பார்ட்னர் போன் பண்ணி சொன்னாரு. நான் முதல்ல நம்பல. அப்போ அவரு சொன்னது சரிதான் லா. இந்த டிசைன் எல்லாம் அவருதான் உட்கார்ந்து பண்ணாராமே? புதுசா திறக்கிற ரெண்டு கடைக்கும் அவரையே தனியா செய்யச் சொல்லிட்டேன்."

குறையைச் சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பேன். உண்மைதானே? ஆனால் அந்த இலையும் சதுரமும் என்னுடையவை. எனக்கு நிறம் தெரியாததால் மட்டுமே பிறந்தவை. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற அவனுக்கு அது ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. இருபத்தைந்து வருடம் கூடவே இருந்து குழி பறித்திருக்கிறான்.

வெளியே காரருகே வந்ததும் அவன்தான் முதலில் பேசினான்.

"மறைச்சு வச்சு நாளைக்கு அவரே கண்டுபிடிச்சா நம்ம பேருதான் கெடும்டா. நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"டிசைன் நீ பண்ணதுன்னு சொன்னதும் நல்லதுக்கா?"

அவன் கார்ச் சாவியைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. நான் பஸ் ஏறித் தனியாக ஜொகூர் பாருவுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் மனதுக்குள் அவனைத் திட்டினேன். திட்டி முடிந்தபின் அழுகை வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நல்ல மனிதர்.

வீட்டுக்குப் போனதும் என் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பென்சில், புள்ளிச் சோதனை, மூடி, தே தாரிக், ஒன்றையும் விடவில்லை. அவனை நாலு வார்த்தை திட்டுவாள், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"கல்யாணமாகி பதினோரு வருஷம். இத்தனை வருஷமா இது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"வெட்கமா இருந்துச்சு," என்றேன்.

அவள் மடித்த துணிகளை ஒதுக்கி வைத்தாள். பிறகு சத்தம் உயர்த்தாமல் கேட்டாள்.

"ஏங்க, ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு எடுத்துட்டு வருவீங்களே சேலை. இந்தக் கலர் உனக்குன்னே பார்த்துப் பார்த்து எடுத்தேன்னு சொல்லுவீங்களே. அதெல்லாம் யாரு எடுத்தது?"

அவன்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.