டிராமுக்குக் கொடுத்த கரண்ட்

பரமசிவம் புளி உருண்டையைத் தண்ணீரில் தோய்த்து, தன் விளையாட்டு டிராமின் பித்தளைத் தண்டவாளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மலை மந்திர் முருகன் கோயில் விபூதிப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. புளி தேய்த்த இடத்தில் விபூதியைத் தூவி, பழைய பனியன் துணியால் மெருகேற்றுவார். ஊரில் அவர் வீட்டில் குத்துவிளக்கை அப்படித்தான் துலக்குவார்களாம். குத்துவிளக்கும் பித்தளை, தண்டவாளமும் பித்தளை. அவருடைய விஞ்ஞானம் அவ்வளவுதான்.

குத்துவிளக்கைக் கழுவித் துடைத்து வைக்கலாம். பலகையில் ஆணி அடித்து இறுக்கிய தண்டவாளத்தை எப்படிக் கழுவுவது? புளி காய்ந்து பச்சை பூத்தது. விபூதி இணைப்புகளில் போய் அடைந்தது. டிராம், தலைக்கு மேலே ஓடும் கம்பியிலிருந்து கரண்டை எடுத்து, சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குத் திருப்பிவிட வேண்டும். நடுவில் சாம்பல் இருந்தால் வண்டி வளைவில் நின்றுவிடும். இவர் கன்ட்ரோலர் குமிழைத் திருகுவார். அசையாது. இன்னும் திருகுவார். எங்கோ ஒரு சுத்தமான இடம் சக்கரத்தில் பட்டதும் வண்டி எகிறிக் குதித்து, அட்டையில் செய்த சாந்தினி சௌக் கடைத்தெருவை இடித்துக் கவிழும். உடனே டெல்லி வோல்டேஜைத் திட்டுவார்.

ஜனக்புரியில் அவர் வீட்டில் எனக்குப் பகல் வேலை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு இப்படி வீடுகளுக்குப் போகிறேன். என் நோயாளி அவருடைய மனைவி அருக்காணி. முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்தும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. போன குளிர்காலத்தில் முதுகின் அடியில் படுக்கைப்புண் வந்து எலும்பு தெரியும் அளவுக்குப் போனது. அதை ஆற்றி எடுப்பதற்குள் ஹோலி வந்துவிட்டது. அதன் பிறகுதான் காற்று மெத்தை வாங்கினார்கள். பம்ப் ஓடினால் மெத்தையின் குழாய்கள் மாறி மாறி உப்பும். நின்றால் காற்று இறங்கி, வெறும் கட்டில் பலகையில் கிடக்க வேண்டியதுதான். அவருக்கு வலி தெரியாது. தோல் அழுகத் தொடங்கினாலும் தெரியாது. அதனால்தான் பம்பை இன்வர்ட்டர் லைனில் போட்டிருந்தோம்.

பரமசிவம் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் கோப்புகளில் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவர். ஒரு ஃபியூஸ் கட்டியதில்லை. ஆனால் கேட்டால் "பவர் செக்டார்" என்பார். டெல்லியில் ஒரு காலத்தில் ஓடிய டிராமைச் சிறியதாகச் செய்து தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வண்டி ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பினால் மேஜை ஒதுக்குவதாகக் கமிட்டி சொல்லியிருந்தது. அவருடைய பொம்மை ரயில் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் தண்டவாளத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கச் சொன்னார்கள். என் பையிலேயே பாட்டில் இருந்தது, கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு மெட்ரோ பிடித்து பாகீரத் பேலஸ் எலக்ட்ரிக் கடைகளுக்குப் போய், இன்னும் பெரிய பவர் சப்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்பிரிட்டால் துடைத்தால் புளி தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். குமிழைத் திருக உட்கார்ந்தால் போதும்.

மே மாதம். ஏசிகள் எல்லாம் ஓடியதால் விளக்குகள் மங்கி எரிந்தன. அன்று மதியம் பேண்டேஜ் வாங்கக் கடைக்குப் போனேன். பம்ப் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது காலனியில் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு கூலர்கள் எல்லாம் வாயடைத்து நின்றன. பரமசிவத்தின் ஹாலில் மட்டும் டிராம் விளக்குப் போட்டுக்கொண்டு சுற்றி வந்தது. அவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேசாதே என்று உதட்டில் விரலை வைத்தார். புளிக்கறை பிடித்த விரல்.

உள்ளறையிலிருந்து அருக்காணி பேசினார். "சிஸ்டர், பம்பு சத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சுங். கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்ட வறண்டு போச்சு. ரெண்டு நிமிசம், ரெண்டு நிமிசம்ங்கறாரு."

மெத்தை அப்பளம்போல் கிடந்தது. பம்பின் பிளக் சாதாரண பாயிண்டில் இருந்தது. இன்வர்ட்டர் பாயிண்டிலிருந்து ஒரு நீள ஒயர் ஹாலுக்குப் போயிருந்தது. அருக்காணியைத் திருப்பிப் பார்த்தேன். பழைய புண் ஆறிய அதே இடம் சிவந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் நல்ல தோல் வெளுத்து, பிறகு நிறம் திரும்பும். இது வெளுக்கவில்லை.

பரமசிவம் அறை வாசலில் வந்து நின்றார். மங்கின வோல்டேஜில் வண்டி ஓடவில்லை, இன்வர்ட்டர் இரண்டையும் தாங்காது, லோடு கணக்குப் பார்த்துத்தான் மாற்றினேன் என்றார். கரண்ட் போனதுகூடவா தெரியவில்லை என்று கேட்டேன்.

"வண்டி ஓடிக்கிட்டே இருந்துச்சுங்களா, கவனிக்கலீங்."

அருக்காணி கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார். "ஏனுங்க, வளைவுல நின்னுதுங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. "நிக்கலை அம்மிணி. சும்மா ஜல்தியா போச்சு."

"பாத்தீங்களா சிஸ்டர்? நான் அழுகிப் போனா என்னங், வண்டி சாந்தினி சௌக்கத் தாண்டிருச்சு."

ஒயரைப் பிடுங்கிப் பம்பைப் பழைய இடத்தில் மாட்டினேன். ஹாலில் டிராம் நின்றது. அப்போதும் அந்த மனிதர் கேட்டது, டிராமுக்கு இனி எங்கே கரண்ட் எடுப்பது என்றுதான்.

"கையில தள்ளுங்" என்றார் அருக்காணி.

மறுநாள் காலை நான் எலக்ட்ரீஷியனைக் கையோடு அழைத்துக்கொண்டு போனேன். அந்த பாயிண்டையே கழற்றிவிட்டு, பம்பின் ஒயரை இன்வர்ட்டர் லைனில் நேராக இணைத்து, மேலே மூடி வைத்துத் திருகச் சொன்னேன். இனி பிடுங்குவதற்கு அங்கே பிளக் கிடையாது. பரமசிவம் அவனிடம் ஹிந்தியில் லோடு பற்றி ஏதோ ஆரம்பித்தார். அவன் டார்ச்சை அவர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான்.

அவன் போனதும் என்னிடம் போனை நீட்டினார். வண்டி அழகாகச் சுற்றியது. ஆனால் படம் முழுக்க அருக்காணியின் குரல் கேட்டது: ஏனுங்க, பம்பு நின்னு போச்சுங்க, வாங்க. குரலை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

கட்டிலிலிருந்து பதில் வந்தது. "அப்படியே அனுப்புங். சங்கத்துல எல்லாரும் கேக்கட்டும்."

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். புளிக் கிண்ணத்தை எடுத்துக் குப்பையில் கொட்டினேன். அருக்காணியைத் திருப்ப வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவி வாருங்கள் என்றேன். வந்து, மனைவியைப் பிடித்து இழுத்தார். அவர் கையில் ஓர் அடி வைத்தேன்.

"இழுத்தா தோல் உரியும் சார். அடியில கை குடுத்துத் தூக்குங்க."

தூக்கினார். இடது பக்கம் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தோம். சிவப்பு அப்படியே இருந்தது. அடுத்த முறை திருப்ப வேண்டிய நேரத்துக்கு அவர் போனில் அலாரம் வைத்தேன். அது அடித்ததும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அவரே வந்து திருப்பினார்.