நாய் பிழைத்திருக்க வேண்டிய பத்து நாள்

எங்கள் நாய் தபால்காரரைக் கடித்தது ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. கேட்டைத் திறந்து போட்டவன் நான்.

அறுபதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் குடியிருந்தோம். பத்திரிகை ஒன்றில் இரவுப் பணி உதவி ஆசிரியனாகச் சேர்ந்து எனக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. விடியற்காலை முதல் மின்சார ரயிலில் வந்து தூங்குவேன். வீட்டுக்கு வரும் பேப்பரை அப்பா பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விடுவார் என்பதால், எழுந்ததும் ஸ்டேஷன் பக்கம் போய் இன்னொன்று வாங்குவேன். முந்தின இரவு நான் போட்ட தலைப்பு அச்சில் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்காமல் எனக்குக் காப்பி இறங்காது. அன்றும் தலைப்பைப் பார்த்துக்கொண்டே தெருவில் நடந்தேன், பார்த்துக்கொண்டே கேட்டைத் திறந்தேன், பார்த்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தேன். இரண்டு பத்தி அகலத் தலைப்பு. நன்றாகத்தான் வந்திருந்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்தபோது தபால்காரர் ஒரு கையில் சைக்கிளையும் ஒரு கையில் காலையும் பிடித்துக்கொண்டிருந்தார். கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்திருந்தது. மற்றவை காக்கித் துணியோடு நின்றுவிட்டன. நாய் வாசற்படியில் உட்கார்ந்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வராது.

“கேட்டு எப்பவும் சாத்தித்தான் இருக்கும். காத்துல தெறந்திருக்கும் போல” என்றாள் அம்மா, மஞ்சளும் தண்ணீருமாக ஓடி வந்து.

தபால்காரர் தலையைத் தூக்கி எதிர் வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்தார். முருங்கையில் ஒரு இலை ஆடவில்லை. நான் பேப்பரை மடித்தேன்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் அவருக்குச் சொல்லி அனுப்பியது இதுதான்: நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்து நாளும் உயிரோடு இருந்தால் பயமில்லை. நடுவில் செத்துவிட்டால் அன்றே ஓடி வர வேண்டும், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. இன்று எந்த டாக்டரும் அப்படிக் காத்திருக்கச் சொல்ல மாட்டார்; அன்றைக்கு அதுதான் வழக்கம். போஸ்ட்மாஸ்டர் புகார் எழுதித் தரச் சொன்னாராம். புகார் போனால் நாய் பிடிக்கும் வண்டி வரும். அன்று சாயங்காலமே தபால்காரர் நொண்டிக்கொண்டு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

“கம்ப்ளெயிண்டு எதுவும் குடுக்கலம்மா. போவட்டும், வாயில்லாத ஜீவன்.”

அந்த ஜீவனின் வாய் பட்ட இடத்தில் கட்டுப் போட்டிருந்தது.

நான் வேலைக்குக் கிளம்புவதற்காகச் சீக்கிரமே முடிக்கும் ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா இதை ஆராய்ந்தார். அப்பா உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். நீதி போதனை வகுப்பும் அவருடையது. முப்பது வருடமாக மற்றவர்களை மன்னித்துப் பழகியவர். மன்னிக்கப்படுவது அவருக்குப் புதிது, அது அவருக்குச் செரிக்கவில்லை.

“பலம் உள்ளவன் விட்டுக்குடுத்தா அதுக்குப் பேர் மன்னிப்பு. இவன் பயந்த சுபாவம். எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு இதே தெருவுக்கு எப்படி வருவான்?”

“கடிபட்டது அவரோட கால். நீங்க ஏன் அவரைக் கொறைச்சுப் பேசறீங்க?” என்றாள் அம்மா.

“கொறைச்சுப் பேசலை. வகைப்படுத்தறேன்.”

மறுநாளிலிருந்து தபால்காரர் தினமும் வந்தார், தபால் இருந்தாலும் இல்லாவிட்டாலும். காலையில் வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை நான்தான் என்பதால் நாயைச் சங்கிலியில் கட்டி வெளியே கொண்டுவந்து காட்டுவது என் வேலை. அவர் எட்ட நின்று, முன்னும் பின்னும் பார்ப்பார். கண் சிவந்திருக்கிறதா, வாயில் நுரை தள்ளுகிறதா, தண்ணீர் குடித்ததா. பார்த்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து டீக்கடைப் பொறை ரொட்டி ஒன்றை எடுத்துத் தூக்கிப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனை முடிந்து வரும்போது, லுங்கி கட்டிக்கொண்டு கேட்டோரம் நின்றிருந்தார். காக்கி இல்லாமல் எங்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. நாய்க்குத் தெரிந்தது.

அப்பா குடும்ப ஜெபத்தில் தபால்காரரின் காலைச் சேர்த்திருந்தார். நாயையும் சேர்க்கச் சொன்னாள் அம்மா.

“நாய்க்கு ஜெபம் பண்ற வழக்கம் நம்ம சபையில இல்ல.”

“அது செத்தா அவருக்குப் பதினாலு ஊசி. அப்ப யாருக்காக ஜெபம் பண்ணினா என்ன?”

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, “இந்த வீட்டில் உள்ள சகல ஜீவன்களையும்” என்று பொதுவாக முடித்தார்.

ஐந்தாம் நாள் நாய் சாப்பிடவில்லை. தட்டை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. தபால்காரர் வந்து பார்த்துச் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே விட்டார். அது சாய்ந்தது. “தண்ணி வையி தம்பி” என்றார். வைத்தேன். நாய் தண்ணீரைப் பார்த்தது. நாங்கள் மூன்று பேரும் நாயைப் பார்த்தோம். அவர் ஒரு கையால் தொப்புளைப் பொத்திக்கொண்டிருந்தார். அம்மா மெதுவாக, காலையிலிருந்து அதற்கு யார் யார் என்னென்ன போட்டார்கள் என்று விசாரித்தாள். அப்பா இரண்டு இட்லி. நான் என் பங்குக்கு ஆம்லெட். அம்மா கறி எலும்பு. தபால்காரர் காலை முதல் தபால் நடையிலேயே ஒரு தடவை வந்து மூன்று பொறை போட்டிருந்தார். கடித்த நாளிலிருந்து அதன் வயிறு ஒரு பிடி பெருத்திருந்தது. சற்று நேரத்தில் நாய் எழுந்து, நாங்கள் வைத்த தண்ணீரை விட்டுவிட்டு, அம்மா துணி ஊறவைத்த வாளியில் வாயை வைத்து ஆனந்தமாகக் குடித்தது. தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள், சனிக்கிழமை, நாயைக் காணவில்லை. தபால்காரர் வந்து போன அரைமணியில் பார்த்தால் கேட்டு விரியத் திறந்து கிடக்கிறது. சங்கிலியை நான் ஏற்கெனவே அவிழ்த்துவிட்டிருந்தேன். ஓடிப் போய் அவரை அடுத்த தெருவில் பிடித்துச் சொன்னேன். மீதித் தபால்களைப் பையில் போட்டு மூடிவிட்டு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். ஏரிக்கரை, கறிக்கடை, ரயில்வே கேட்டு என்று மிதித்தார். அந்தக் காலோடு என்னையும் சுமந்து மேட்டில் ஏறும்போது இறங்கட்டுமா என்று கேட்டேன். “நாய் செத்துச்சுன்னா தெரியணும். காணாமப் பூட்ச்சுன்னா இன்னா கணக்கு தம்பி? அத டாக்டரு சொல்லல” என்றார்.

நாய் ஸ்டேஷன் ரோடு டீக்கடை முன்னால் இருந்தது. பொறை பாட்டிலுக்கு நேர் கீழே, வாடிக்கையாளர்போல உட்கார்ந்திருந்தது. தபால்காரர் பொறை வாங்கும் கடை அதுதான்.

கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். அப்பா கேட்டில் நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேராக அவரிடம் போனார்.

“எம்மேலதான் தப்பு சார். போம்போது கேட்ட நான்தான் சாத்தாம பூட்டேன்.”

அவ்வளவுதான். காற்று இல்லை, முருங்கை இல்லை. அப்பாவின் முகத்தில் எட்டு நாளாகக் காணாத ஒரு வெளிச்சம் வந்தது. நிமிர்ந்து நின்றார். கையை லேசாக உயர்த்தினார்.

“பரவாயில்லை. மனுஷன்னா மறதி சகஜம். நான் மன்னிச்சுட்டேன்.”

“ரொம்ப நன்றி சார்” என்றார் தபால்காரர்.

உள்ளே வந்ததும் அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். சாப்பாடு போடும்போதும் பார்த்தாள். எனக்கு அன்று ரசம் கேட்க வாய் வரவில்லை.

பத்தாம் நாள் திங்கட்கிழமை. நாய் உயிரோடு, முன்னைவிடக் கனமாக இருந்தது. தபால்காரர் வழக்கம்போல முன்னும் பின்னும் பார்த்தார். பெரிதாக மூச்சு விட்டார். பிறகு பையைத் துழாவி, அப்பாவுக்கு வந்த இன்லண்டு கடிதம் ஒன்றைக் கொடுத்தார். அதன் கீழே நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாள்.

“இதுவும் உங்க வூட்டுதுதான். ஸ்டாம்பு ஒட்டல.”

அவர் போன பிறகு பிரித்தேன். போஸ்ட்மாஸ்டருக்கு எழுதிய புகார். கடித்த வெள்ளிக்கிழமைத் தேதி. பத்து நாளாகப் பையிலேயே இருந்து மடிப்பு கறுத்திருந்தது. இன்ன தெரு, இன்ன வீடு, பதினொன்றே கால் மணி. அவ்வீட்டு மகன் செய்தித்தாள் படித்துக்கொண்டே வந்து கேட்டை மூடாமல் உள்ளே சென்றதைத் தெருமுனையிலிருந்து பார்த்தேன். காற்றில் திறந்ததாக அந்த அம்மாள் சொல்வது மகனைக் காப்பாற்றுவதற்காக. அன்று காற்று இல்லை.

ஆறு மாதத்தில் என் மேசைக்கு வந்த எந்த நிருபரின் செய்தியும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. பேனாவை எடுத்துத் திருத்த ஒரு சொல் அகப்படவில்லை.

சாயங்காலம் அதை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

“இதை வெச்சுக்கிட்டா அன்னிக்கு எனக்கு நன்றி சொன்னார்?” என்றார். அதற்கு அப்புறம் அவர் எதையும் வகைப்படுத்தவில்லை. ஜெபத்தில் அன்று தபால்காரரின் காலோடு நின்றுவிட்டார். அம்மாதான் ஆமென் சொல்லி முடித்துவைத்தாள்.

பதினோராம் நாள் தபால்காரர் வர வேண்டிய அவசியம் இல்லை. எங்களுக்குத் தபாலும் இல்லை. ஆனால் பதினொரு மணிக்கு மணிச்சத்தம் கேட்டது. கேட்டுக்கு ஓடினேன். விடியற்காலை ரயிலில் வரும்போதே வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“அண்ணா, அன்னிக்கு கேட்டைத் தெறந்து போட்டது…”

“அதான் எழுதியே குடுத்துட்டேனே தம்பி.”

“ஏன் அங்க குடுக்கல?”

அவர் யோசித்தார். “மொத நாளு பயந்தான். குடுத்தா நாயை இட்டுக்கினு பூடுவாங்க, உசுரோட கீதான்னு யார போய் கேக்கறது? அப்பால…” என்று நிறுத்தி நாயைப் பார்த்தார். நாய் உள்ளிருந்து அவர் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. “அப்பால பழகிப்பூட்ச்சு.”

பொறையை எடுத்தார். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் போட்டுவிட்டு, கொண்டி சரியாக விழுந்திருக்கிறதா என்று நான் அழுத்திப் பார்க்கும்வரை சைக்கிளில் ஏறாமல் நின்றார்.