பன்னிரண்டு மீட்டர் செம்புக் குழாய்

முப்பத்தெட்டு வருஷம் ஊரார் வீட்டையெல்லாம் சூடாக்கிக் கொடுத்தவன் லுபோஷ். பாய்லர், ரேடியேட்டர், வெந்நீர்க் குழாய் என்று எதைக் கொடுத்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் ஓய்வு பெற்ற பிறகு குளிரவைக்கிற கருவி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தான் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? நானும்தான் சிரித்தேன்.

வசந்தத்தில் எங்கள் ஊரின் ஒரே பீர்க்கடையை மூடிவிட்டார்கள். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமான லுபோஷுக்கு அந்தக் கடைதான் வீடு. அடுப்போரத்து மேஜையில் அவன், வெந்தெலின், இன்னும் இரண்டு பேர். பேச்சு பெரிதாக ஒன்றும் இருக்காது. ஐஸ் ஹாக்கியைத் திட்டுவார்கள், முட்டி வலியைத் திட்டுவார்கள், எட்டு மணிக்கு எழுந்து போவார்கள். கடை மூடியதும் மற்ற மூன்று பேரும் தங்கள் தங்கள் வீட்டுக்குள் போனவர்கள்தான், நத்தை மாதிரி.

சூப்பர் மார்க்கெட்டில் பீர் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது, அது ஒரு விஷயமே இல்லை. அவனுக்கு எதிரே உட்கார ஒரு ஆள் வேண்டும். கையால் காய்ச்சிய பீர் இருக்கிறது என்றால் எந்த எருமையும் வந்துதானே ஆகணும் என்று கணக்குப் போட்டான்.

முதல் தடவை காய்ச்சியது பாழ். பார்லிச் சாற்றைக் கசப்புக்கு ஹாப்ஸ் பூப் போட்டுக் கொதிக்கவைத்த பிறகு மளமளவென்று ஆறவைக்க வேண்டும். ஆறினால்தான் ஈஸ்ட் போட முடியும். ஆறத் தாமதமானால் காற்றில் இருக்கிற கண்ட கிருமியும் முந்திக்கொண்டு உள்ளே குடியேறிவிடும். இவன் அண்டாவைக் குளியல் தொட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டுத் தூங்கப் போனான். காலையில் தொட்டால் இன்னும் வெதுவெதுப்பு! மூன்று வாரம் கழித்துத் திறந்து குடித்துப் பார்த்தான். ஊறுகாய்த் தண்ணீர் தோற்றது.

அப்புறம்தான் செம்புக் குழாய். பன்னிரண்டு மீட்டர் வாங்கினான். வெறும் குழாயை வளைத்தால் நசுங்கும் என்று பொடி உப்பை உள்ளே கொட்டித் தட்டித் தட்டி நிரப்பினான். இரண்டு முனையையும் அடைத்துவிட்டு, பழைய காஸ் சிலிண்டர் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதன்மேல் சுற்றுச் சுற்றாக வளைத்தான். உப்பைக் கழுவி வெளியேற்ற மட்டும் அரை நாள் ஆயிற்று. ரப்பர் குழாய் மாட்டுகிற இணைப்பு இரண்டையும் அண்டா விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கிற மாதிரி வைத்தான். கசிந்தாலும் பீருக்குள் சொட்டக்கூடாதல்லவா! தொழில்காரன் தொழில்காரன்தான்.

கொதி முடியக் கால் மணி இருக்கும்போது சுருளை அண்டாவுக்குள் இறக்கினான், அதிலுள்ள கிருமி சாகட்டும் என்று. அடுப்பை அணைத்துவிட்டுக் குழாயைத் திறந்தான். ஒரு முனையில் பச்சைத் தண்ணீர் ஏறியது, மறு முனையில் ஆவி பறக்க வெந்நீர் கொட்டியது. இருபத்திரண்டே நிமிஷத்தில் அண்டா ஆறியது. "பார்த்தியா!" என்று உரக்கக் கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பார்க்க யாரும் இல்லை.

அந்தப் பீர் அருமையாக வந்தது. மூன்று பேரையும் சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்தான். "வர்றோம், வர்றோம்" என்றார்கள். மேஜையில் நாலு கண்ணாடிக் குவளை வைத்துக்கொண்டு மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்தான். ஒரு பயல் வரவில்லை.

திங்கட்கிழமை ரொட்டிக் கடையில் வெந்தெலினை மடக்கினான். "ஏண்டா வரல?"

"வீட்டுக்கா?" வெந்தெலின் நெளிந்தான். "டேய், முப்பது வருஷமா ஒரே மேஜையில குடிச்சோம், வாஸ்தவம். அதுக்காக வீட்டுக்குள்ள வர்றதா? பூங்கொத்து வாங்கணும், சட்டை மாத்தணும், செருப்பைக் கழட்டி மூலையில வைக்கணும். அப்புறம் உன் சோஃபாவில உக்காந்து நான் என்னத்தடா பேசுறது?"

 லுபோஷும் வெந்தெலின் வீட்டுப் படியை மிதித்தவன் இல்லை. எங்கள் ஊர் வழக்கமே அதுதான், அதை மறந்துபோனது அவன் முட்டாள்தனம்.

இருந்தும் சனிக்கிழமை தோறும் காய்ச்சினான். வேறு என்ன செய்ய? பாட்டில்கள் நிலவறையில் வரிசை கட்டின.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கொல்லையில் அண்டாவை ஆறவைத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. ஒட்டுச் சுவர் வீட்டு ஜிட்கா. குடிவந்து இரண்டு வருஷமாகிறது, வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. அவள் புருஷன் வெளியே வருவதே இல்லை.

"பக்கத்து வீட்டுக்காரரே, இவ்வளவு வெந்நீரைச் சாக்கடைக்கு விடுறீங்களே, மனசு வருதா? ரெண்டு வாளி பிடிச்சுக்கட்டுமா? எங்க பாய்லர் செத்துப்போச்சு. டவுன் மெக்கானிக் வர ஆறு வாரம் ஆகுங்கறான்."

"தாராளமா பிடிங்க. நல்ல தண்ணிதான், செம்புக்குள்ளயே ஓடி வருது."

வாளி நிரம்புகிற நேரம் அவள் நின்றாள். "இதென்ன, உங்க வீட்டுல பாம்பு வளர்க்கிறீங்களா?" என்று சுருளைப் பார்த்துச் சிரித்தாள். அவன் ஒரு குவளை நீட்டினான். பீர் தனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். மொத்தம் ஏழெட்டு நிமிஷம்தான் இருக்கும். அடுத்த வாரம் முழுக்க லுபோஷ் அந்த ஏழெட்டு நிமிஷத்தை வைத்துக்கொண்டுதான் ஓட்டினான்.

அவள் அடுத்த சனியும் வந்தாள், அதற்கடுத்த சனியும் வந்தாள். அவன் தண்ணீரைக் கொஞ்சம் மெதுவாகத் திறக்கப் பழகிக்கொண்டான். வாளி நிரம்ப நேரமாகும், தண்ணீரும் கூடுதல் சூடாக வரும்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் ஒட்டுச் சுவர் வழியாக டிக், டிக், டிக் என்று சத்தம் கேட்கும். அப்புறம் ஒன்றும் இருக்காது. பாய்லர் பொறி தட்டுகிறது, தீ பிடிக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தபடியே லுபோஷுக்குத் தெரியும், அது அரை மணி நேர வேலை. தேவையான சாமான் அவன் பெட்டியிலேயே கிடந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை பாவி.

ஐந்தாவது வாரம் புதன்கிழமை கதவு இடிபட்டது. ஜிட்கா நின்றாள்.

"ரொட்டிக் கடையில உங்க கூட்டாளி சொன்னார், இந்த ஊர் பாய்லர் எல்லாம் நீங்க மாட்டினதாமே? நிஜமா?"

"ஆமா."

"சுவருக்கு அந்தப் பக்கமே இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே! ஏன்?"

எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். 

"சரி பண்ணிட்டா நீங்க வர மாட்டீங்களே," என்றான்.

அவள் முகம் வெளுத்தது. "அந்தத் தண்ணி எதுக்குன்னு நினைச்சீங்க? துணிக்கா? என் வீட்டுக்காரர் பக்கவாதத்துல படுத்துக் கிடக்கிறார் ஐயா. கெட்டில்ல கொஞ்சம் கொஞ்சமா சுட வச்சுத் துடைச்சு விடறேன். சனிக்கிழமைதான் முழுசாக் குளியல். அஞ்சு வாரமா என் இடுப்பு ஒடியுது. நீங்க நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்க!"

 இத்தனை நாள் நின்று பேசிய லுபோஷ், வெந்நீர் யாருக்கென்று ஒரு தடவை கேட்டிருந்தானா? பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினான்.

அரை மணி கூட ஆகவில்லை. தீ குப்பென்று பிடித்தது. ஜிட்கா நன்றி சொல்லவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. பெட்டியை மூடும்போது உள் அறையிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது.

"யாரு... அது?"

"பக்கத்து வீட்டுக்காரர்," என்றாள்.

"பீர் காய்ச்சறவரா? வாசனை... வருமே. சனிக்கிழமை சனிக்கிழமை. வரச் சொல்லேன்."

ஜிட்கா லுபோஷை முறைத்தாள். "நான் கூப்பிடல. ஆர்னோஷ்ட் கூப்பிடறார். ஒரு பாட்டில் எடுத்துட்டு வாங்க."

லுபோஷ் பாட்டிலும் குவளையுமாகத் திரும்பி உள் அறைக்குள் போனான்; கட்டிலில் ஒடிசலான, உயரமான மனிதர் கிடந்தார். ஒரு பக்க முகம் தொங்கியிருந்தது. ஜிட்கா ஸ்பூனைக் கொண்டுவந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். "ஸ்பூன்ல... பீரா? அசிங்கம்."

லுபோஷ் குவளையை அவர் உதட்டோரம் பிடித்தான். பாதி தாடையில் வழிந்தது.

"கசப்பு... பத்தல," என்றார் ஆர்னோஷ்ட்.

"அடுத்த தடவை ஹாப்ஸ் பூவைக் கூட்டிப் போடறேன்."

"எப்போ?"

லுபோஷ் ஜிட்காவைப் பார்த்தான். அவள் வெந்நீர் வாளியோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். "பேச்செல்லாம் அப்புறம். முதல்ல இவரைத் தோளோட சேர்த்துத் தூக்கிப் பிடிங்க, முதுகைத் தேய்க்கணும். சும்மா நிக்காதீங்க," என்றாள்.

அவன் குனிந்து ஆர்னோஷ்டை நெஞ்சோடு அணைத்து நிமிர்த்தினான். அவர் தலை அவன் தோளில் சாய்ந்தது. ஆறு வருஷமாக ஒரு மனுஷ உடம்பைத் தொட்டிராத லுபோஷ், அழுகையை அடக்க முடியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். ஜிட்கா அதைப் பார்த்தபடியே முதுகைத் தேய்த்தாள்.