உயிரோடு இருக்கிறவன் பெயர்

"அ. அம்புரோஸ். கட்டுமானத் தொழிலாளி. பிரிவு: சுவர் வண்ணம் பூசுதல். உயரமான சாரங்களில் நின்று பணிபுரியத் தகுதியுள்ளவர். அங்க அடையாளம்: வலது கன்னத்தில் மச்சம்."

நலவாரியம் கொடுத்த அட்டை இப்படிச் சொல்கிறது. அரசாங்கம் பொய் சொல்வதில்லை. விசாரிக்காமல் சொல்கிறது, அவ்வளவுதான். அம்புரோஸ் தன் ஆயுளில் ஒரு சுவருக்கும் வண்ணம் அடித்ததில்லை. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் அவர் குடியிருக்கும் வீட்டின் சுவருக்கே மைத்துனன்தான் வந்து அடித்துவிட்டுப் போனான். முக்காலியில் ஏறினாலே அம்புரோசுக்குத் தலை சுற்றும். மச்சம் என்பது படம் எடுத்த அன்று கன்னத்தில் தெறித்திருந்த கறுப்பு எனாமல். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் கன்னத்தைவிட்டுப் போய்விட்டது. அட்டையில் மட்டும் தங்கிவிட்டது.

அவர் எழுத்து எழுதுகிறவர். ஃபிளெக்ஸ் வந்தபோது, இனி அம்புரோஸ் கதை முடிந்தது என்று சந்தில் பாதிப்பேர் துக்கம் விசாரித்தார்கள். நடந்தது வேறு. உப்புக் காற்றில் நிற்கும் விசைப்படகில் ஃபிளெக்ஸ் ஒட்டாது. மணலி எண்ணெய் ஆலையிலிருந்து கிளம்பும் டேங்கர் லாரியின் சூட்டில் ஒட்டவே ஒட்டாது. ஆகவே காலையில் காசிமேட்டில் படகுகளுக்கு எண்ணும் பெயரும் எழுதுவார். மதியத்துக்குமேல் மணலி சாலையோரம் டேங்கர்களின் முதுகில் 'எளிதில் தீப்பற்றும்' என்று சிவப்பில் எழுதுவார், வாயில் பீடி புகைந்துகொண்டிருக்க. கேட்டால், "எழுதறவன் படிக்கணும்னு சட்டமா?" என்பார்.

அக்டோபர் கடைசியில் இந்த இரண்டு வேலையும் நிற்கும். கல்லறைத் திருநாள் வருகிறதல்லவா. நவம்பர் இரண்டாம் தேதி காலையில் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிப்பதற்குள், கடலோரக் கல்லறையில் ஒவ்வொரு கல் சிலுவையும் வெள்ளையடிக்கப்பட்டு, அதன்மேல் பெயர் கறுப்பில் புதிதாக மின்ன வேண்டும். ஒரு வருஷத்து உப்பில் பெயர் பாதி போயிருக்கும். செத்தவர்கள் இரண்டாம் தடவை சாகாமல் இருப்பது அம்புரோஸ் கையில் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவருடைய பிரஷ்களுக்கு வீட்டுக்குள் அனுமதி கிடையாது. மனைவி ஹெப்சிபா பெந்தெகொஸ்தே சபைக்காரி. செத்தவர்களுக்காக ஜெபம் செய்வது வேதத்தில் இல்லை, கல்லறையில் ஒன்றுமே இல்லை, எல்லாம் வெறும் மண் என்று உறுதியாகச் சொல்வாள். அதே மூச்சில், "யோவ், அந்த பிரஷ்ஷ வெளியவே மாட்டிட்டு வா. அத்தோட எது வந்துகினு கீதோ, யாருக்குத் தெரியும்" என்பாள்.

கல்லறையில் அவர் வேலை செய்யும் விதமே தனி. யாரிடமும் பெயர் எழுதிய சீட்டு வாங்கமாட்டார். சீட்டு பறக்கும், நனையும், எனாமல் டப்பாவில் விழும். ஆட்கள் வாசலில் வந்து வாயால் பெயரும் தேதியும் சொல்வார்கள். அம்புரோஸ் அவர்கள் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்வார். கல்லின் முன்னால் உட்கார்ந்ததும் அந்த முகத்தை நினைப்பார், பெயர் தானாக வரும். எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார். அதுதான் பிழை பார்ப்பது. இத்தனை வருஷத்தில் ஒரு கொம்பு, ஒரு புள்ளி தப்பியதில்லை என்று அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. முகம், எழுதச் சொல்ல வந்தவனுடையது; பெயர், கல்லுக்கடியில் கிடக்கிறவனுடையது. இரண்டையும் ஒரே மூளையில் ஒரே ஆணியில் மாட்டி வைத்தால் என்றைக்காவது ஒருநாள் மாறிப்போகும்.

அந்த வருஷம் மாறிப்போனது.

பென்னி விசைப்படகுத் தொழிலாளி. தம்பி சாவியோவும் அதே படகில்தான். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் சாவியோ கடலில் விழுந்தான். சில நாள் கழித்து எண்ணூர் முகத்துவாரத்தில் கரை ஒதுங்கினான். அவனுக்கு இது முதல் கல்லறைத் திருநாள். பென்னி வாசலில் வந்து பெயரையும் தேதியையும் சொல்லிவிட்டுப் போனான். கிழக்குச் சுவரோரம் கடைசிக் கல். அம்புரோஸ் செவ்வாய்க்கிழமை மதியம் அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்தார், முகத்தை நினைத்தார், எழுதினார், வாய்விட்டுப் படித்தார். படித்தது சரியாகத்தான் இருந்தது. எழுதியதைத்தானே படித்தார்.

அந்தக் கல்லில் மட்டும் எனாமல் காயவில்லை. மறுநாள் தொட்டால் விரலில் ஒட்டியது. அதற்கடுத்த நாளும் ஒட்டியது. பக்கத்துக் கல்லில், அதே டப்பாவில் தொட்டு எழுதியது, சாயங்காலத்துக்குள் காய்ந்து கண்ணாடி மாதிரி கிடந்தது. அம்புரோஸ் நேராகப் பெயிண்ட் கடை அத்தாவுல்லாவிடம் போனார்.

"இன்னா பாய், பெயிண்ட்ல கலக்கற டின்னர்ல தண்ணி ஊத்துறியா?"

"தண்ணி ஊத்துனா எல்லா கல்லும் காயக்கூடாதில்ல மாமு? ஒரு கல்லு மட்டும் அழுவுதுன்னா அது என் டின்னர் இல்ல, அந்தக் கல்லோட சமாச்சாரம்." அத்தாவுல்லா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம் ஏனோ சிரிப்பை நிறுத்திவிட்டு விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

மழைக்கால ஈரம், கடற்காற்று, மணலிப் பக்கத்துப் புகை என்று காரணம் ஆயிரம் உண்டு. அம்புரோசுக்கு எல்லாக் காரணமும் தெரியும். காரணம் தெரிந்தவன் பயப்படமாட்டான் என்பது காரணம் தெரியாதவர்களின் நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கல்லில் ஒரு தடம் இருந்தது. ஈர எழுத்தின் மேல் யாரோ விரல் வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மெதுவாக இழுத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி. ஆனால் விரல் பிள்ளை விரல் இல்லை, நல்ல அகலம். அம்புரோஸ் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். தடம் அதைவிட அகலமாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டு, அன்று அந்தப் பக்கம் திரும்பாமல் மேற்கு வரிசையில் வேலை பார்த்தார்.

நவம்பர் முதல் தேதி மதியம் பென்னி வந்தான். கல்லின் முன்னால் நின்று, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, நெடுநேரம் பார்த்தான்.

"நைனா," என்றான், "இங்க வா. இத்த கொஞ்சம் படி."

அம்புரோஸ் வந்து படித்தார். 'பென்னி. இறப்பு:' என்று தொடங்கி, தேதி சாவியோ செத்த தேதி. முன்னால் நிற்கிற முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார்.

"யப்பா டேய், மன்னிச்சுக்கோ. மூஞ்சி மாறிப்போச்சு. இப்பவே துடைச்சிடறேன், ஒரு நிமிசம். மண்ணெண்ண கீது."

"துடைக்காத."

"இன்னாது?"

"துடைக்காதன்றேன்." பென்னி பக்கத்துக் கல்லறைத் திண்டில் குந்தினான். "எப்ப எழுதினே?"

"செவ்வாக்கெழம."

"நெனச்சேன்." அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "செவ்வாக்கெழமலேர்ந்துதான் என்னிய கூப்புடல."

அதற்குப்பிறகு அவன் சொன்னதை அம்புரோஸ் பாதி நம்பினார். அன்றைக்கு வலைக்கயிறு பக்கம் நிற்கவேண்டிய முறை பென்னியுடையது. டீ குடித்துக்கொண்டிருந்தான். "நீ குந்துண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று சாவியோ போய் நின்றான். தடைக்காலம் முடிந்து படகு மறுபடி இறங்கின நாளிலிருந்து, கரை மறைந்ததும், தண்ணீர்ப் பக்கமிருந்து கூப்பிடுகிறது.

"சாவியோ குரலா?"

"அவன் அண்ணேன்னுதான் கூப்புடுவான். இது பேரு சொல்லிக் கூப்புடுது. சத்தம் போட்டுகூட இல்ல நைனா. பக்கத்து வூட்டுக்காரன் சாவி கேக்கற மாதிரி. கேட்டா கால் தானா போவுது. ரெண்டு வாட்டி பசங்க சட்டையப் புடிச்சி இழுத்தானுங்க. இன்னொரு வாட்டி இழுக்க ஆளு இருக்குமோ இருக்காதோ." விரல் தடத்தைக் காட்டினான். "அன்னிக்கு எடுக்க வந்தது என்னிய. ஆளு மாறிப்போச்சு. இப்ப வந்து பேரைப் படிச்சிட்டுப் பூட்ச்சி. வேலை முடிஞ்சிதுன்னு நெனச்சிகினு கீது. அப்படியே நெனச்சிகினு இருக்கட்டுமே. உனக்கு இன்னா நஷ்டம்?"

அம்புரோசுக்கு நஷ்டமில்லை. நஷ்டப்படவேண்டியவள் அதற்குள் துடைப்பமும் ஒரு வாளித் தண்ணீருமாக வந்துகொண்டிருந்தாள். சாவியோவின் மனைவி ஜானட். கல்லைக் கழுவ வந்தவள் வாளியைத் தொப்பென்று வைத்தாள்.

"இது யாரு கல்லு? எம் புருசன் எங்க?"

அம்புரோஸ் பென்னியைப் பார்த்தார்.

"இன்னா மாமா, உனக்கு சாவற ஆசை வந்துட்ச்சா? அதுக்கு என் வூட்டுக்காரன் எடந்தான் கெடச்சுதா?"

பென்னி திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னான். தலைகுனிந்தபடியே சொன்னான். ஜானட் கேட்டுக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை. மீனவர் சந்துகளில் இப்படிப்பட்ட பேச்சுக்குச் சிரிக்கிறவர்கள் குறைவு. சிரிக்கிறவர்கள் அநேகமாகக் கடலுக்குப் போகாதவர்கள்.

"சரி மாமா, உன் உசிரு வேணாம்னு நான் சொல்லல," என்றாள். "ஆனா ரேசன் கார்டுல அவரு பேரை அட்ச்சிட்டாங்க. வூடு வாடகை வூடு. படகு சேட்டு படகு. அந்த மனுசன் பேரு இந்த ஊர்ல இருக்கறது இந்த ஒரு கல்லுலதான். நாளைக்கு ஃபாதர் வந்து பென்னின்னு படிப்பாரு. எம் பொண்ணு பக்கத்துல நிக்கும். அதுகிட்ட இன்னா சொல்லட்டும்? உங்க அப்பன இன்னும் தேடிகினு கீறாங்கன்னா?"

"துடை நைனா," என்றான் பென்னி கடைசியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அம்புரோஸ் துணியை மண்ணெண்ணெயில் நனைத்தார். காயாத எழுத்துதானே, ஒரே இழுப்பில் வந்துவிடும். முதல் எழுத்தின் மேல் துணியை வைத்து இழுத்தார். 'பெ' போயிற்று.

சுவருக்கு அந்தப்பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"பென்னி."

அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் சாவி கேட்கிற மாதிரியேதான் இருந்தது. ராயபுரத்தில் பென்னி என்று ஒரு குரல் கொடுத்தால் நான்கு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். கல்லறை முழுக்க அன்று ஜனம். வாளியும் துடைப்பமும் பூக்கூடையுமாக நூறு குடும்பங்கள். ஒருவரும் திரும்பவில்லை.

"யாரது கூப்புட்டது?" என்றாள் ஜானட்.

பென்னி எழுந்துவிட்டிருந்தான். அவன் முகத்தில் பயமே இல்லை, அதுதான் அம்புரோசைக் குலுக்கியது. டீக்கடையிலிருந்து யாரோ தெரிந்தவர் கூப்பிட்டதுபோல, "தோ வரேன்" என்று சொல்லிக்கொண்டு சுவரை நோக்கி நடந்தான். சுவருக்கு அப்பால் சாலை. சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகக் கேட் திறக்கக் காத்து வரிசை கட்டி நின்றன. அதற்கப்பால் கருங்கல் கரை. அதற்கப்பால் ஒன்றுமில்லை, தண்ணீர். பென்னி உடைந்திருந்த இடத்தில் கால் வைத்துச் சுவரில் ஏறத் தொடங்கினான்.

ஜானட் வாளியைத் தாண்டி ஓடினாள். பின்னாலிருந்து அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். பொத்தான்கள் தெறித்தன.

"பெயிண்டரே! இன்னா மரம் மாதிரி பாத்துகினு கீறே? எழுதுய்யா! துடைச்சத எழுது!"

அம்புரோஸ் துணியைப் போட்டுவிட்டு பிரஷ்ஷை எடுத்தார். 'பெ' போட்டார். கொம்பு கோணிக்கொண்டு போனது. சுவரில் இழுபறி நின்றது. லாரி எஞ்சின்களின் சத்தம் மறுபடி கேட்டது. அது எப்போது நின்றிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

பென்னி கீழே இறங்கினான். கிழிந்த சட்டையைப் பார்த்து, "இன்னா ஜானட், நல்ல சட்ட இது" என்றான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. ஜானட் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்புரோஸ் சுவரின் உடைசல் வழியே எட்டிப்பார்த்தார். நேர் எதிரே நின்ற லாரியில் டிரைவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். வேறு ஆளில்லை.

"இவன இட்டுகினு வூட்டுக்குப் போ," என்றார் ஜானட்டிடம்.

"எம் புருசன் பேரு?"

"இருக்கும். நாளைக்கு வந்து பாரு."

"மாமா?"

"அவனும் இருப்பான். போம்மா."

அவர்கள் வாசலைத் தாண்டிப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குமுன் யாருக்கும் செய்யாத வேலை. எப்படிச் செய்வதென்று யாரையும் கேட்கவும் முடியாது. ஃபாதரைக் கேட்டால் மூடநம்பிக்கை என்பார். ஹெப்சிபாவைக் கேட்டால் வேதத்தில் இல்லை என்பாள், இரண்டு பேரும் சொல்வது சரியாகவும் இருக்கும்.

அம்புரோஸ் அந்தக் கல் சிலுவைக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, கடலைப் பார்த்திருந்த, அங்கிருந்து வருவதன் கண்ணில் படும் பின்பக்கத்துக்கு வெள்ளையடித்து, அதில் பென்னி என்று எழுதி, சாவியோ இறந்த தேதியையும் போட்டார். அது முடிந்த பிறகுதான் முன்பக்கம் வந்து, அங்கிருந்த பென்னியைத் துடைத்துவிட்டு, சாவியோ என்று எழுதினார்.