ஃபோனை வைக்காதவர்கள்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் குப்பை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் தூக்கிவாரிப் போடும். தயங்கித் தயங்கி "மேடம்" என்று ஆரம்பித்தால் அவளே, "அக்கான்னே கூப்பிடுங்க. முன்னாடி குப்பையைச் சேத்துக்கிட்டாலும் ஒண்ணும் ஒட்டாது" என்பாள்.

அவள் பார்த்த வேலை அப்படி. புரோகிராம் எழுதுகிறவர்கள் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அது ஓடும்போது அதற்கு அடியில் இன்னொன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது யாருக்கு முறை, யாருக்கு எவ்வளவு மெமரி, வேலை முடிந்த இடத்தை யாரிடமிருந்து திரும்ப வாங்குவது என்றெல்லாம் பார்த்துக்கொள்வது அதுதான். ரன்டைம் என்பார்கள். வேண்டாத மெமரியைத் தேடித் துடைப்பதற்குக் குப்பை அள்ளுவது என்றே பெயர். கம்பெனியின் ரன்டைமில் அந்தப் பகுதி அவள் கையில் இருந்தது. அதில் கை வைக்க வேறு யாருக்கும் தைரியமும் இல்லை, ஆசையும் இல்லை.

கம்பெனி விற்றது ஃபோன் அழைப்புகளைக் கையாளும் புரோகிராம்கள். ஒவ்வொரு அழைப்பு வரும்போதும் அதற்கென்று ஒரு சின்ன புராசஸ், தனியாக ஓடும் ஒரு குட்டி புரோகிராம் மாதிரி, பிறக்கும். அதற்குத் தனி மெமரி. பக்கத்து புராசஸின் மெமரியை அது எட்டிக்கூடப் பார்க்க முடியாது. சொல்ல ஏதாவது இருந்தால் செய்தி அனுப்பத்தான் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் முறை வரும்; முடிந்ததும் மரியாதையாக அடுத்ததற்கு வழிவிட வேண்டும். ஒன்று செத்து விழுந்தால் பக்கத்தில் இருப்பதற்குத் தெரியக்கூடத் தெரியாது. வாடிக்கையாளர்களிடம் கம்பெனிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதே இதைத்தான்.

அவள் குடியிருந்தது ஒரு மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஒரு பால்கனி, பால்கனியில் எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும் ஒரே ஆளின் துணி. கல்யாணம் ஆகி, ஆகாத மாதிரி ஆகிவிட்டது. அவரும் கம்ப்யூட்டர்காரர்தான். இருவருக்கும் நடுவில் ஒரு நாளும் குரல் உயர்ந்ததில்லை. அவர் முதலில் பேசட்டும் என்று அவளும், அவள் முதலில் பேசட்டும் என்று அவரும் இருந்தார்கள். இப்படி இரண்டு புராசஸ் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கிடந்து இரண்டும் நின்றுபோவதை வேலையில் அவள் அடிக்கடி பார்த்திருக்கிறாள். எங்கே சிக்கல் என்று கண்டுபிடித்து அவிழ்த்தும் விடுவாள். வீட்டில் நடந்தபோது அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் வெளிநாட்டுக்குப் போனார். அப்புறம் வக்கீலிடமிருந்து காகிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஃபோன் பண்ணுவார். எப்போதும் காரிலிருந்துதான்.

"என்னம்மா, நல்லா இருக்கியா?"

"இருக்கேண்ணா. அண்ணி எப்படி இருக்காங்க?"

"அவளுக்கென்ன. சரி, சிக்னல் விழுந்துடுச்சு, வெக்கட்டுமா?"

அண்ணன் ஊரில் சிக்னலெல்லாம் இவள் ஃபோனுக்கென்றே விழுகிறதோ என்று அவளுக்குத் தோன்றும். ஆனால் வாயைத் திறந்து சொன்னதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புகார் வந்தது. பேச்சுத்துணை இல்லாதவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கென்று ஒரு உதவி மையம் இருந்தது. கம்பெனியின் புரோகிராமைத்தான் வைத்திருந்தார்கள். மத்தியானம் ஆனால் அங்கே மெமரி ஏறிக்கொண்டே போய், கம்ப்யூட்டர் மூச்சு முட்டி விழுந்துவிடுகிறது. விழுந்தால் லைனில் இருக்கிற அத்தனை பேரும் அறுந்துபோகிறார்கள்.

மேனேஜர் அவளைவிட ரொம்பச் சின்னவன், துறுதுறுவென்று இருப்பான். திரையைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"அக்கா, இதப் பாருங்க. காலைல கூப்பிட்ட ஆளு இன்னும் ஃபோனை வெக்கலை. இப்படி எக்கச்சக்கமா இருக்காங்க. அரை மணி நேரம் ஆனா கட்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது."

"ஏன் வெக்காம இருக்காங்க?"

"மறந்திருப்பாங்க. நமக்கெதுக்கு?"

"ரெண்டு நாள் குடுங்க தம்பி, பாத்துட்டு சொல்றேன்."

"பாருங்க. அதுவரைக்கும் கட் இருக்கட்டும். தினம் தினம் விழுந்து எழுந்தா நம்ம மானம் போயிடும்."

அவள் மையத்துக்கே நேரில் போனாள். ஒரு பழைய கட்டடத்தின் மாடி. தடுப்புப் பலகைகளுக்கு நடுவில் ஏழெட்டுப் பேர் காதில் ஹெட்ஃபோனோடு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மையத்தைப் பார்த்துக்கொண்ட அம்மாள் முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கனத்த உடம்பு, சன்னமான குரல். குப்பை அக்கா வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"நீங்கதானா அது? நேத்துலேர்ந்து அரை மணி ஆனா டப்புனு கட் ஆகுது. மறந்துபோய் ஃபோனை வெக்காம இருக்காங்கன்னா நெனச்சீங்க?"

"இல்லையா?"

"நாங்க எடுத்து, பேசறீங்களான்னு கேட்போம். பேச ஒண்ணும் இல்லைங்க, சும்மா இருக்கட்டுமேம்பாங்க. சரின்னு காத்திருப்புல போட்டுடுவோம். ஃபோனைப் பக்கத்துல வெச்சிட்டு அவங்கபாட்டுக்குத் துணி மடிப்பாங்க, பாத்திரம் கழுவுவாங்க. ஒரு டீச்சரம்மா இருக்காங்க, ரிடையர் ஆனவங்க. காலைல கூப்பிட்டு, 'நான்தான்'னு ஒரு வார்த்தை. சாயங்காலம், 'வெக்கறேன்'னு ஒரு வார்த்தை. நடுவுல ஒண்ணும் கிடையாது."

"இப்ப கட் ஆனதும் திரும்பக் கூப்பிடறாங்களா?"

"சில பேர் கூப்பிடறாங்க. டீச்சரம்மா கூப்பிடலை."

"நீங்க கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"நம்பரெல்லாம் நாங்க வெச்சிக்கறதில்லைம்மா. யாரு என்னன்னு தெரியக் கூடாதுங்கறதுதான் இங்க சட்டமே."

கொடுத்த டீ ஆறிப்போனது. திரும்பி வந்து, வேறு எந்த வேலையையும் தொடாமல் உட்கார்ந்தாள்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க அவள் கேட்ட இரண்டு நாளும் பிடித்தது. அழைத்தவர் வீட்டிலிருந்து வரும் சத்தம் துண்டு துண்டாக வந்துகொண்டே இருக்கும். பேசினாலும் பேசாவிட்டாலும் வரும். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும் பேச்சும் கம்ப்யூட்டருக்கு ஒரே எடைதான். துண்டுகள் பெரியவை என்பதால் எல்லாம் ஒரு பொதுக்கிடங்கில் இருக்கும். புராசஸ் கையில் இருப்பது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டோக்கன் மட்டும். கடைசி டோக்கனையும் விட்டால்தான் துண்டைக் கிடங்கிலிருந்து தூக்கி எறியலாம். பழைய டோக்கன்களைப் பிடுங்கிப் போட வேண்டியது குப்பை அள்ளும் பகுதி. ஆனால் அது எப்போது வரும்? புராசஸின் சொந்த இடம் நிரம்பினால் வரும். டோக்கன் கடுகளவு. ஒரு நாள் முழுக்கச் சேர்ந்தாலும் அந்தச் சின்ன அறை நிரம்பாது. பேசுகிறவர்கள் பேசி முடித்து ஃபோனை வைத்துவிடுகிறார்கள். வைத்ததும் புராசஸ் செத்து, எல்லா டோக்கனும் விடுபட்டுவிடும். சும்மா இருப்பவர்களிடம் மட்டும் காலையிலிருந்து கேட்ட அத்தனை சத்தமும் அப்படியே தங்கிவிட்டது. அவரவர் அறை கிட்டத்தட்டக் காலி. கிடங்கோ பிதுங்கி வழிந்தது.

அதாவது தப்பு அழைத்தவர்களுடையது இல்லை. அவளுடையது. அறை நிரம்பியதா என்று மட்டும் பார்க்கும் விதியை எழுதியவள் அவள்தான்.

விதியை மாற்றினாள். டோக்கன் எத்தனை இருக்கிறது என்று எண்ணாதே, அது வெளியே எவ்வளவு இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பார். அது அளவு மீறினால் உடனே போய்த் துடை. துடைக்கும்போது அந்த ஒரு புராசஸ் மட்டும் கண்ணிமைக்கும் நேரம் நிற்கும். மற்றவர்கள் பேச்சு தடைபடாது. போட்டுப் பார்த்தாள். காத்திருப்பவர்கள் எவ்வளவு சேர்ந்தாலும் திரையில் மெமரியின் கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு மட்டத்துக்கு மேல் போகவேயில்லை.

மேனேஜரிடம் காட்டினாள். அவன் நிஜமாகவே அசந்துபோனான்.

"சூப்பர்க்கா. ஆனா அரை மணி கட்டும் இருந்துட்டுப் போகட்டுமே. எதுக்கும் நல்லதுதானே?"

"வேணாம். எடுத்துடுங்க."

"பேசவே போறதில்லை, எதுக்குக்கா லைன்ல இருக்கணும்?"

"எனக்குத் தெரியாது தம்பி. ஆனா இருக்காங்க இல்ல? இடம்தானே பிரச்சினைன்னு சொன்னீங்க? இடம் இருக்கு. எடுத்துடுங்க."

அவள் இப்படி அழுத்திப் பேசி அவன் கேட்டதேயில்லை. எடுத்துவிட்டான்.

வாரக் கடைசியில் அவள் மறுபடி மையத்துக்குப் போனாள். கம்ப்யூட்டரைப் பார்க்கவென்று சொல்லிக்கொண்டாள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. விட்டுப்போனவர்களில் பல பேர் திரும்பி வந்துவிட்டதாக நர்ஸம்மாள் சொன்னார்.

"டீச்சர்?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். பிறகு, பேச்சை மாற்றுவதற்கோ என்னவோ, "நீங்களும் வந்து ஒரு நாள் உக்காருங்களேன். ஆள் பத்தலை" என்றார்.

"எனக்குப் பேச வராதுங்க."

"பேசவா கூப்பிட்டேன்? கேளுங்க, போதும்."

அடுத்த சனிக்கிழமை காலை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் வந்தது ஒரு பெரியவர். மகன் மேல் ஒரு குறை, மருமகள் மேல் ஒரு குறை, மேல்வீட்டில் கட்டிலை இழுக்கிறார்கள் என்று ஒரு குறை. ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுலபமாகத்தான் இருந்தது. திடீரென்று அவர், "ஏம்மா, உனக்கு வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டார்.

தன்னைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் உட்காரவைத்திருந்தார்கள். "இருந்தாருங்க" என்றாள்.

"என்ன ஆச்சு?"

அவ்வளவுதான். யாரோ அடைப்பை எடுத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஏர்போர்ட்டில் அவர் பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றதை, 'போகாதீங்க' என்ற ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்ததை, "சாப்பிட்டுக்கோங்க" என்று மட்டும் சொன்னதைச் சொன்னாள். சொல்லும்போது மூக்கு அடைத்துக்கொண்டது. பெரியவர் தன் மருமகளை மறந்தே போனார்.

"அழுவாதம்மா. கொஞ்சம் தண்ணி குடி. நான் லைன்லதான் இருக்கேன், நீ நிதானமா குடி."

பின்னால் நிழல் விழுந்தது. நர்ஸம்மாள் மெதுவாக ஹெட்ஃபோனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டு, "ஐயா, நான் பேசறேன், சொல்லுங்க" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "ஆமாங்க, பாத்துக்கறோம். நீங்க கவலைப்படாதீங்க" என்று வேறு அவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

ஃபோன் வைத்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கண்ணு, கோவிச்சுக்காதீங்க" என்றார் நர்ஸம்மாள். "நீங்க கம்ப்யூட்டரையே பாத்துக்கோங்க."

குப்பை அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு அவள் ஹெட்ஃபோன் மாட்டவில்லை. சனிக்கிழமை காலையில் மட்டும் வருவாள். கம்ப்யூட்டர் இருந்த மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, திரையில் தொந்தரவே செய்யாத அந்த மெமரிக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நர்ஸம்மாளோடு டீ குடிப்பாள். கிளம்பும்போது டீச்சரைப் பற்றிக் கேட்பாள். "இல்லம்மா" என்பார் அவர். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, பஸ்ஸுக்கு நிற்கப் போய்விடுவாள்.