பத்து நாள் என்று சொன்னேன்

காக்களூரில் ஒரு தொழிற்சாலையில், தகடு அழுத்தும் பிரஸ் மிஷினுக்குள் யார் கையாவது போனால் அதை உடனே நிறுத்தும் மென்பொருளை எழுத ஒப்புக்கொண்டேன். மிஷினைச் சரியாகப் பார்க்காமலே, பத்து நாளில் முடியும் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

பத்தாம் நாள் வேலை பாதிதான் முடிந்திருந்தது. வெட்கத்தில் அதை மறைத்தேன். மேலாளர் மிஷினை ஓட்டச் சொன்னார். அதில் வேலை செய்யும் செல்வி அக்கா என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, உள்ள கை உட்டு தகடு வெக்கலாமா?"

என் கால்கள் நடுங்கின.

"வேணாங்க்கா. இன்னும் முடியல. எவ்ளோ நாளாகும்னு எனக்கே தெரியல."

மேலாளரின் முகம் சிவந்தது. அக்கா சுவிட்சை அணைத்தார்.

"இத்த சொல்லத்தான் இம்மாம் நேரம் பயந்துக்கினு இருந்தியா?" என்றார்.

முடிக்க ஏழு வாரமாயிற்று. இப்போதும் ஒரு வேலைக்கு நாள் குறிக்கும்போது அந்த நடுக்கம் வருகிறது. அது போய்விடக் கூடாது என்றே நினைக்கிறேன்.